சுவரில் நின்ற ஏழு பேருக்கும் பொட்டு

கொம்யூன் என்கிற இந்த டேனிஷ் நகரசபையில் பெடெல் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கிற பிள்ளைகளே, முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கட்டடத்தால் உங்களுக்கு ஆபத்து வராது. கூரை ஒழுகினால் ஆளைக் கூப்பிடலாம். ஹீட்டர் மக்கர் பண்ணினால் ஒரு தட்டுத் தட்டிப் பார்க்கலாம். ஆபத்தெல்லாம் நல்ல மனதோடு உள்ளே வருகிறவர்களால்தான் வரும். கெட்டவன் சுவரில் கிறுக்கிவிட்டு ஓடிவிடுவான். நல்லவன் நின்று அதைத் துடைக்க வெளிக்கிடுவான். அவனைத்தான் நீங்கள் கையைப் பிடித்து நிறுத்த வேண்டும்.

பெடெல் என்றால் என்ன வேலை என்று உங்கள் வீட்டிலும் கேட்பார்கள். நான் என் மாமியாருக்கு "கட்டடத்துக்குப் பொறுப்பு" என்று சொன்னேன். அவர் அதை லண்டன், கனடா எல்லாம் "என்ஜினியர்" என்று பரப்பிவிட்டார். நான் திருத்தப் போகவில்லை, நீங்களும் போகாதீர்கள். இதைத் தமிழில் எழுதுவதற்கும் ஒரு காரணம் உண்டு. உங்களில் பாதிப் பேருக்குத் தமிழ் வாசிக்க வராது. வீட்டில் யாராவது வாசித்துச் சொல்லட்டும், அப்போதாவது அவர்களுக்கும் நீங்கள் செய்வது லேசான வேலை இல்லை என்று விளங்கும்.

நான் கடைசியாகப் பொறுப்பாக இருந்தது ஜூட்லாந்தில் ஒரு சின்ன ஊரின் மண்டபத்துக்கு. ஊரின் பெயர் வேண்டாம், அங்கே எல்லோருக்கும் எல்லோரும் சொந்தம். ஒரு காலத்தில் நாடு முழுக்க வேலையில்லாமல் சனம் திண்டாடியபோது அரசாங்கம் நிவாரணப் பணம் கொடுத்துக் கட்டுவித்த மண்டபம் அது. இயந்திரம் பாவித்தால் பலருடைய கூலி போய்விடும் என்று அத்திவாரம் முழுவதையும் மண்வெட்டியாலேயே வெட்டுவித்தார்களாம். அந்த ஊரில் படம் கீறுகிற ஒருவனும் வேலையில்லாமல் இருந்தான். அவனுக்கும் அதே நிவாரணத்தில் கூலி போட்டு, மேடைக்குப் பின்சுவரில் ஏதாவது கீறு என்றார்கள். ஊர்ப் பெரியவர்கள் எதிர்பார்த்தது கப்பலும் கோதுமை வயலும். அவன் கீறி வைத்தது அந்த மண்டபத்தைக் கட்டிய கூலியாட்கள் ஏழு பேரை.

ஆள் உயரத்துக்கு, வரிசையாக, கையில் மண்வெட்டியோடு நிற்பார்கள். ஒருவர் முகத்திலும் சிரிப்பு இல்லை. நடுவில் நிற்கிறவருக்குப் பெரிய மீசை. நான் காலையில் விளக்குப் போட்டதும் ஏழு பேரும் "ஏன் பிந்தி வந்தாய்?" என்று கேட்பது மாதிரிப் பார்ப்பார்கள்.

மண்டபத் திறப்பு விழாவுக்கு அந்த ஏழு பேரையும் ஒருவரும் கூப்பிடவில்லை. உள்ளே கனவான்கள் விருந்து சாப்பிட, கட்டியவர்கள் வெளியே மழையில் நின்று யன்னலால் பார்த்தார்களாம். இதை எனக்குச் சொன்னவர் மீசைக்காரரின் பேத்தி. அவரும் இப்போது நரைத்த மனுசி, ஊரின் வரலாற்றுச் சங்கத்தில் இருக்கிறார். கிழமைக்கு ஒருமுறை மண்டபத்துக்குக் கோப்பி குடிக்க வருவார். வந்ததும் முதலில் தாத்தாவுக்குத் தலையசைத்துவிட்டுத்தான் கதிரையை இழுப்பார்.

சட்டப்படி அந்தப் படம் பாதுகாக்கப்பட்டது. மேலே வார்னிஷ் பூசாத மலிவுப் பெயின்ட், விரலால் தொட்டாலே அடையாளம் விழும். வருடத்துக்கு ஒருமுறை நூதனசாலையிலிருந்து, பழைய படங்களைப் பராமரிக்கிற ஒரு பெண் சைக்கிளில் வந்து அதைப் பரிசோதிப்பார். என் மகளை விட இளையவர். இந்தத் தொழிலில் எனக்கு வாத்தியார் என்று யாராவது இருந்தால் அது அவர்தான். முதல் நாள் அவர் பஞ்சுக்குச்சியை வாயில் வைத்து நனைத்து, அந்த எச்சிலால் படத்தைத் துடைத்ததைக் கண்டு நான் அவருடைய கையைத் தடுக்கப் போனேன். அவர் டேனிஷில் சொன்னதை எங்கட தமிழில் சொல்கிறேன்: "பயப்பிடாதேங்கோ. எச்சில்தான் எங்கட முதல் மருந்து. சோப்பு உரிச்சுப்போடும், எச்சில் ஊத்தையை மட்டும் தூக்கும்." பிறகு விசாரித்தேன். உலகம் முழுக்க அப்படித்தானாம்.

இனிக் கதைக்கு வருகிறேன்.

அந்தக் காலத்தில் எங்கள் சனத்தின் கலியாணமெல்லாம் விளையாட்டு மண்டபத்தில்தான் நடக்கும். மணவறைக்கு மேலே கூடைப்பந்து வளையம் தொங்கும். ஐயர் மந்திரம் சொல்ல, தடுப்புக்கு அந்தப் பக்கம் ஹாண்ட்போல் விளையாடுகிறவர்கள் கத்துவார்கள். நான் மேலிடத்தோடு கதைத்துக் கதைத்து, இந்த மண்டபத்தை எங்கள் ஆட்களுக்கும் வாடகைக்கு விடச் சம்மதிக்க வைத்தேன். ஒரே ஒரு நிபந்தனை. படத்துக்கு ஏதாவது நடந்தால் அன்றோடு மண்டபம் வெளியாட்கள் எல்லோருக்கும் மூடப்படும். கொம்யூனின் பண்பாட்டுப் பிரிவுத் தலைவர் இதைச் சொன்னபோது என் கண்ணைப் பார்த்துச் சொன்னார்.

முதல் கலியாணம் என் மனைவியின் அக்கா மகளுக்கு. பெண்ணின் தாயைப் பாக்கியம் அக்கா என்று நாங்கள் கூப்பிடுவோம். கை நிறையக் கொடுக்கிற மனுசி, வாய் நிறையப் பேசுகிற மனுசி. மண்டபத்தைக் காட்டக் கூட்டிக்கொண்டு போனபோது படத்தைப் பார்த்து, "ஆர் தம்பி உவை, கலியாண வீட்டிலை செத்த வீட்டு முகத்தோடை?" என்று கேட்டார். நான் சும்மா இருந்திருக்கலாம். பெருமைக்கு முழுக் கதையையும் சொன்னேன், மழையில் நின்ற கதை உட்பட. அக்கா "அட பாவமே" என்று நாடியில் கை வைத்துக்கொண்டு கேட்டார்.

நான் எல்லாவற்றுக்கும் ஆயத்தமாக இருந்தேன். ஓமத்துக்குச் சின்ன நெருப்பு, மேடையிலிருந்து தள்ளி, பக்கத்தில் தீயணைப்புக் குழாய். தேங்காய் வெளியே வீதிக்கரைக் கல்லில் மட்டும். ஆணி அடிக்கத் தடை. படத்துக்கு முன்னால் கயிறு கட்டி, மணவறையை அதற்கும் முன்னால், மேடைத் திரைக்கு வெளியே வைத்தாயிற்று. சந்தனத்தை மட்டும் நான் யோசிக்கவே இல்லை.

மாப்பிள்ளை வீட்டார் தலைநகர்ப் பக்கத்து இஷொயிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தார்கள். நடுவில் கடலைத் தாண்டுகிற பெரிய பாலத்தில் காற்று என்று வாகனங்களை ஊர விட்டிருந்தார்கள். "இப்பதான் பாலம் தாண்டுறம்" என்று செய்தி வந்தது. முகூர்த்தத்துக்குள் வந்துவிடுவார்களா என்று நான் வாசலில் நிறைகுடத்துக்குப் பக்கத்தில் நின்று வீதியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு உள்ளே போய் மணவறைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன்.

ஏழு பேரின் நெற்றியிலும் சந்தனம். சந்தனத்துக்கு நடுவில் குங்குமம். ஏழாவது ஆளுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் கதிரையில் ஏறி நின்றபடி, காஞ்சிபுரம் சேலை கட்டிய பாக்கியம் அக்கா சந்தனக் கும்பாவை மூடிக்கொண்டிருந்தார்.

"அக்கா! என்ன அக்கா செய்து வைச்சிருக்கிறியள்?"

"ஏன் தம்பி கத்துறீர்? வாசல்லை வாற எல்லாருக்கும் பொட்டு வைக்கிறம். இவை மட்டும் வெறும் நெத்தியோடை நிக்கிறதோ? நீர்தானே சொன்னனீர், கட்டினவங்களைக் கூப்பிடேல்லை எண்டு. நான் கூப்பிட்டிருக்கிறன்."

எந்தச் சட்டத்தில் இதற்குப் பதில் இருக்கிறது, சொல்லுங்கள்.

விசயம் ஒரு நொடியில் பரவிவிட்டது. பிள்ளைகளே, இந்த இடத்தை இரண்டு தரம் வாசியுங்கள். எங்கள் ஆட்களில் உதவி செய்யத் தெரியாதவன் எவனும் கிடையாது. ஒருவர் குழந்தையைத் துடைக்கிற ஈரக் கடதாசியோடு ஓடி வந்தார். தவில்காரர் தோள் துண்டை நனைத்துக்கொண்டு வந்தார். சமையல்காரர் பாத்திரம் கழுவுகிற பஞ்சை நீட்டி, "உருளைக்கிழங்குச் சட்டிக் கரியே போகுது அண்ணை, இது போகாதோ?" என்றார். உண்மையைச் சொன்னால் என் கையும் வாளித் தண்ணீரை நோக்கிப் போனதுதான். போன கையை மற்றக் கையால் பிடித்தேன்.

"ஒருத்தரும் தொடாதேங்கோ! தொட்டால் கலியாணத்தை நிப்பாட்டிப்போடுவன்!" என்று கத்தினேன். கலியாணத்தை நிறுத்த எனக்கு என்ன அதிகாரம்? ஆனால் எல்லோரும் நின்றுவிட்டார்கள்.

பெண்ணின் தகப்பன், என் சகலன், மெதுவாக என் காதுக்குள் வந்தார். "திரையை இழுத்து மூடு தம்பி. மாப்பிள்ளை பகுதி வரப்போகுது. நாளைக்கு ஆறுதலாப் பாப்பம்."

நல்ல யோசனைதான். நாளைக்குக் குங்குமச் சாயம் அந்த மட்டப் பெயின்டுக்குள் நிரந்தரமாகக் குடியேறிவிடும். இன்றைக்கே சொன்னால் மண்டபத்தை மூடு என்று உத்தரவு வரலாம். மணவறையோடு சனத்தை எங்கே கொண்டுபோய் நிறுத்துவது? அந்தப் பெண் பிள்ளை உள்ளறையில் கூந்தல் அலங்காரத்தோடு இருக்கிறாள். நான் தூக்கி வளர்த்த பிள்ளை. ஒளித்தால் படம் போகும், சொன்னால் கலியாணம் போகும். கடைசியில் தொலைபேசியை எடுத்தேன். ஏனென்று கேட்டால், கலியாணத்துக்கு ஆயிரம் பேர் கவலைப்பட இருந்தார்கள், அந்த ஏழு பேருக்கு என்னை விட்டால் அங்கே யாரும் இல்லை.

நூதனசாலைப் பெண் ஒரு பிறந்தநாள் விருந்தில் இருந்தாராம். "தண்ணி படேல்லைத்தானே? தொடாதேங்கோ, வாறன்" என்றார். காற்றுக்குள் சைக்கிள் மிதித்து, தலைமயிர் எல்லாம் கலைந்து வந்து நின்றார். படத்தைப் பார்த்தார். பாக்கியம் அக்காவைப் பார்த்தார். திரும்பப் படத்தைப் பார்த்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டது எனக்குத் தெரிந்தது.

"மண்டபத்தை வெறுமையாக்க வேணும்" என்றார்.

"ஏலாது. கலியாணம்."

"அப்ப திரையை மூடுங்கோ. நான் திரைக்குப் பின்னாலை வேலை செய்யிறன். ஆனா ஒரு பிரச்சினை." வாயைத் திறந்து நாக்கைக் காட்டினார். கரி மாதிரிக் கறுப்பு! பிறந்தநாள் விருந்தில் லக்கிறிஸ் சாப்பிட்டிருக்கிறார், டேனிஷ்காரர் உயிரை விடுகிற அந்த உப்புக் கறுப்பு இனிப்பு. "இந்த எச்சில் படத்திலை படக்கூடாது. ஒண்டுமே சாப்பிடாத வாய் வேணும். நிறம் இல்லாத, எண்ணெய் இல்லாத வாய்."

யாழ்ப்பாணத்துக் கலியாண வீட்டில் சாப்பிடாத வாய்க்கு எங்கே போவேன்? வந்த சனம் முழுக்கக் காலையில் இட்லி, சாம்பார், வடை என்று ஒரு பிடி பிடித்திருந்தது. எல்லாம் மஞ்சள். நானும் அதில் ஒரு ஆள்தான், அதற்கு மேல் ஒரு வெற்றிலையும் போட்டிருந்தேன். அப்போதுதான் ஞாபகம் வந்தது. தாரை வார்க்கும்வரை பெண்ணைப் பெற்றவர்கள் விரதம். சகலனை ஒரு பக்கம் இழுத்தேன்.

"அண்ணை, நீங்கள் விரதம்தானே?"

அவர் நிலத்தைப் பார்த்தார். "விடிய ரெண்டு இடியப்பமும் சொதியும்... அக்காவுக்குச் சொல்லிப்போடாதை."

மிச்சம் ஒரே ஒரு வாய்தான். பச்சைத் தண்ணீரும் பல்லில் படாத வாய். பொட்டு வைத்த அதே மனுசியின் வாய்.

விசயத்தைச் சொன்னதும் பாக்கியம் அக்கா காதைப் பொத்தினார். "சிவ சிவா! குங்குமம் வைச்ச நெத்தியிலை எச்சில் படலாமோ? விரத நாளிலை என்னை என்ன செய்யச் சொல்லுறீர்? உமக்கென்ன விசரே?"

சட்டம் சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. மண்டபம் மூடப்படும் என்றேன், "மூடட்டும், வேற மண்டபம் இல்லையோ?" என்றார். என்னுடைய வேலை போகும் என்றேன். "என்ஜினியருக்கு வேற வேலை கிடைக்கும்" என்றார். மாமியார் செய்த வேலை! பஸ் ஊருக்குள் வந்துவிட்டது என்று யாரோ கத்தினார்கள். எனக்குக் கடைசியாக ஒன்று வாயில் வந்தது.

"அக்கா, உங்கட மகள் சின்னனா இருக்கேக்கை, பொட்டுக் கரைஞ்சு முகமெல்லாம் பூசுப்பட்டால் எதாலை துடைச்சனீங்கள்?"

அக்காவின் கை தானாகச் சேலைத் தலைப்புக்குப் போனது.

"சேலைத் தலைப்பை நாக்கிலை தொட்டுத்தானே துடைச்சனீங்கள்? அது எச்சில் இல்லையோ?"

அக்கா அந்த ஏழு பேரையும் ஒரு தரம் பார்த்தார். பிறகு கையை நீட்டினார். "கொண்டா பஞ்சை."

இப்படித் தொடங்கியது. தூளை அந்தப் பெண் முதலில் மெல்லிய தூரிகையால் தட்டி எடுத்தார். பிறகு அக்கா பஞ்சுக்குச்சியை நாக்கில் நனைத்துக் கொடுக்க, அவர் உருட்டி உருட்டித் துடைத்தார். ஒரு குச்சி ஒரு தரம்தான், தொட்டது குப்பைக்கு. அக்காவுக்கு அந்த ஒழுங்கு நன்றாகப் பிடித்துவிட்டது. "இந்தப் பிள்ளைக்கு ஆசாரம் தெரியுது" என்றார். இரண்டாவது நெற்றிக்கு வரும்போது, "அசையாதை ராசா, முடிஞ்சுது முடிஞ்சுது" என்று படத்தோடு கதைக்கவும் தொடங்கிவிட்டார்.

நாலாவது ஆளோடு அக்காவின் வாய் வறண்டுவிட்டது. விரதம்! தண்ணீர் குடிக்கவும் மாட்டார். நான் என்ன செய்தேன் தெரியுமா? பக்கத்தில் நின்று பச்சை மாங்காயைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினேன். "பிஞ்சு மாங்காய் அக்கா, கீலம் கீலமா வெட்டி, உப்பும் மிளகாய்த்தூளும் போட்டு, கையாலை பிசைஞ்சு..." சமையல்காரர் தேசிக்காய் ஊறுகாய்ப் போத்தலைத் திறந்து அக்காவின் மூக்குக்குக் கீழே பிடித்தார். "போதும், போதும், ஊறுது!" என்று அக்கா கையைக் காட்டினார். நூதனசாலைப் பெண் வேலையை நிறுத்தாமலே, "அவவுக்கு என்ன மந்திரம் சொல்லுறியள்?" என்று கேட்டார்.

வெளியே நாதஸ்வரம் தொடங்கிவிட்டது. மிச்சம், கடைசிக்கு விட்டுவைத்த மீசைக்காரர் ஒருவர்தான். அக்கா அவருக்குத்தான் முதலில் பொட்டு வைத்திருக்கிறார், அதுவும் பெரிதாக, "பெரிய ஆள் மாதிரிக் கிடந்தார்" என்று. சந்தனம் போய்விட்டது. நெற்றி நடுவில் வெளிர் சிவப்பாக ஒரு வட்டம் மட்டும் போகவில்லை. "இன்னும் ஒருக்கா" என்றேன். "இன்னும் ஒருக்கா, தயவு செய்து" என்றேன்.

அந்தப் பெண் குச்சியைக் கீழே வைத்தார். "இனித் துடைச்சால் பொட்டுப் போகாது. நெத்திதான் போகும்."

பிள்ளைகளே, என் வேலைக்காலம் முழுவதிலும் நான் கேட்ட புத்திமதிகளில் எனக்கு உதவியது இது ஒன்றுதான். சுத்தமாக்குகிறேன் என்று வெளிக்கிட்டவனுக்கு நிறுத்துகிற இடம் தெரிய வேண்டும். எனக்கு அன்றைக்கு அழுகை வந்தது. அக்கா சேலைத் தலைப்பை உதறிக்கொண்டு சம்பந்தியை வரவேற்க ஓடினார். திரைக்கு முன்னால் தாலி ஏறியது. திரைக்குப் பின்னால் நானும் அந்தப் பெண்ணும் நின்று அட்சதை போட்டோம்.

அடுத்த வேலை நாளில் பண்பாட்டுப் பிரிவுத் தலைவர் வந்தார். மீசைக்காரரின் பேத்தியையும் வரச் சொல்லியிருந்தார். நான் ஒன்றையும் ஒளிக்கவில்லை. சந்தனம், எச்சில், மாங்காய் எல்லாவற்றையும் சொன்னேன். தலைவரின் முகம் இறுகிக்கொண்டே போனது. "நிபந்தனை நிபந்தனைதான்" என்றார். மண்டபம் போய்விட்டது என்று நினைத்தேன். பிறகு அவர் பேத்தியின் பக்கம் திரும்பி, "உங்கட தாத்தாவின்ர நெத்தி. நீங்கள் என்ன சொல்லுறியள்?" என்று கேட்டார்.

பேத்தி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மிகக் கிட்டப் போய்ப் பார்த்தார். "இதுக்கு என்ன அர்த்தம்?" என்று என்னைக் கேட்டார்.

"கலியாணத்துக்கு வந்த ஆளை வாசலிலை வைச்சு வரவேற்றதுக்கு அடையாளம்" என்றேன்.

"என்ர தாத்தாவையோ?"

"ஓம். முதல் ஆளா."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். பிறகு கேட்டார்: "அப்ப சாப்பாடு குடுத்தனீங்களோ?"

தலைவர் சிரித்துவிட்டார். பேத்தி சிரிக்கவில்லை, பதிலுக்குக் காத்துக்கொண்டு நின்றார். தொலைபேசியை எடுத்துப் பாக்கியம் அக்காவை அழைத்தேன்.

"அக்கா, மீசைக்காரரின்ர பேத்தி நிக்கிறா. தாத்தாவுக்குச் சாப்பாடு குடுத்தனீங்களோ எண்டு கேக்கிறா."

அந்தப் பக்கத்தில் அக்கா ஒரு மூச்சும் யோசிக்கவில்லை. "ஐயோ, அது எங்கட பிழை! மனுசியை இருக்கச் சொல்லும். ஏழு பேருக்கும் சேர்த்துக் கொண்டு வாறன்."

கொண்டு வந்தார். தலைவரும் இருந்து சாப்பிட்டார். உறைப்பில் கண்ணீர் வழிய வழிய இரண்டாம் தரம் சோறு போட்டுக்கொண்டு, நிபந்தனையை "இனிமேல் நடந்தால்" என்று அவரே திருத்திச் சொன்னார். மண்டபம் திறந்தபடியே இருக்கிறது. பேத்தி அதற்குப் பிறகு அங்கே நடந்த எங்கள் கலியாணம் ஒன்றையும் தவறவிட்டதில்லை. பட்டுச் சேலையும் ஒன்று வைத்திருக்கிறார், அக்கா எடுத்துக் கொடுத்தது.

ஓய்வு பெற்று, மகளோடு இருக்க அல்பர்ட்ஸ்லுண்டுக்கு வருமுன் நான் கடைசியாகச் செய்த வேலை மண்டப வாசலில் தமிழில் ஓர் அறிவித்தல் எழுதி ஒட்டியது. நீங்கள் யாராவது அங்கே வேலைக்குப் போனால் அதைக் கிழித்துவிடாதீர்கள். இப்படி எழுதியிருக்கிறேன்:

"சுவரில் நிற்பவர்களுக்குப் பொட்டு வைக்க வேண்டாம். அவர்கள் சார்பில் முன்வரிசையில் பேத்தி இருக்கிறார், அவருக்கு வையுங்கள். பந்தியில் முதல் இலை அவருக்கு. உறைப்பைக் குறைத்துப் பரிமாறவும்."